‘பிள்ளையைச் சரிபண்ணிக் கொடுங்க டாக்டர்!’

வண்டியை சர்வீஸுக்கு விடுவதுபோலப் பிள்ளையை ஆலோசகர் அறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே செல்போனோடு காத்திருக்கும் பெற்றோர் உண்டு. உளச்சிகிச்சை அப்படி நடப்பதில்லை. அதைப் பற்றி நம் வீடுகளில் உலவும் ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: போனாலே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

உண்மை: மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, உளவியலாளர் எழுத முடியாது. பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. சிந்தனை - நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதத்தினரும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதத்தினரும் நன்கு தேறினார்கள். இரண்டும் சேர்ந்தபோது அது 81 சதவீதம். ஆகவே மருந்து முதல் படியும் அல்ல, தீண்டத்தகாததும் அல்ல. எது வேண்டும் என்பது பிரச்சினையின் கடுமையைப் பொறுத்தது.

நம்பிக்கை: உள்ளே பொம்மை வைத்து விளையாடுகிறார்கள். இதற்கா ஃபீஸ்?

உண்மை: ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு என்ன கவலை?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். அதே பிள்ளை அப்பா பொம்மையைக் கதவுக்கு வெளியே வைத்துப் பூட்டினால், ஆலோசகர் கவனிப்பார். அந்த ஒன்றை வைத்து வீட்டில் இதுதான் நடந்தது என்று முடிவு கட்டமாட்டார். திரும்பத் திரும்ப என்ன வருகிறது என்று பார்ப்பார். சொல்லத் தெரியாததைச் செய்து காட்ட இடம் தருவதும் சிகிச்சைதான்.

நம்பிக்கை: பிரச்சினை பிள்ளைக்கு. எங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

உண்மை: ஒன்பது வயதுப் பெண் தனியாகப் படுக்கப் பயப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பக்கத்தில் படுக்கிறார். அப்பாவின் படுக்கை ஹாலுக்குப் போகிறது. அவள் குளியலறைக்குப் போனாலும் ‘இங்கேதான் இருக்கேன்டா’ என்று அம்மா வெளியில் நின்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் பயம் அந்த நிமிடம் அடங்க அடங்க, அம்மா இல்லாமல் முடியாது என்ற எண்ணம் அவளுக்குள் உறுதிப்படுகிறது.

இங்கே மாற வேண்டியது அம்மாவின் இரவுகளும்தான். முதலில் கட்டிலருகே நாற்காலி, சில நாள் கழித்து நாற்காலி வாசலுக்கு, பிறகு ஹாலுக்கு. அவள் அழும்போது திட்டுவதும் இல்லை, ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வதும் இல்லை. ‘பயமாத்தான் இருக்கும், தெரியும். உன்னால முடியும்’ என்று சொல்வதோடு சரி. யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் குழுவினர் பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே சிகிச்சை; மற்றதில் ஆலோசகர் பெற்றோரை மட்டுமே சந்தித்தார். 2020இல் வெளியான முடிவு: இரண்டாவது பிரிவுப் பிள்ளைகளின் முன்னேற்றம் முதல் பிரிவுக்குக் குறைந்ததாக இல்லை.

பெற்றோரைக் கூப்பிடுவது குற்றம் சாட்ட அல்ல. வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை இருப்பது வீட்டிலும் பள்ளியிலும்தானே!

நம்பிக்கை: காசு கட்டுவது நாங்கள். பையன் சொன்னதையெல்லாம் எங்களிடம் சொல்லியாக வேண்டும்.

உண்மை: 18 வயதுக்குக் கீழே என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதற்காக அவன் பேசியதெல்லாம் அப்படியே வீட்டுக்கு வந்துவிடாது. வந்தால் அடுத்த வாரம் அவன் வாயே திறக்கமாட்டான். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ ரகசியம் காக்கப்படாது. பாலியல் வன்முறை தெரியவந்தால் தகவல் தருவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசிவிடுவது நல்லது.

நம்பிக்கை: ‘சாகணும்னு தோணுதா?’ என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும்.

உண்மை: நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. கேளுங்கள், ‘ஆமாம்’ என்றால் அறிவுரை சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தனியாரிடம் போனால் அவருடைய படிப்பையும் பதிவையும் தயங்காமல் விசாரியுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: ‘இந்த வாரம் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’