பாட்டிலில் வேண்டாம் தம்பி, பூந்தொட்டியில் இருக்கட்டும்

தம்பி, நேற்று நீ ஊறுகாய் பாட்டிலை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை நான் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மூடியில் ஆணியால் நாலு ஓட்டை, அடியில் ஒரு கைப்பிடி மண். உள்ளே பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடித்த கறுப்பு உடம்பு ஒன்று கண்ணாடி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனதும் மண்ணுக்குள் தலையைச் செருகிக்கொண்டது. "வளர்க்கப்போறேன்க்கா" என்றாய். வளர்க்கலாம், பாட்டிலில் இல்லை. எப்படி என்று சொல்கிறேன், கேள்.

அது மண்புழுவும் இல்லை, பெரிய பாம்பின் குட்டியும் இல்லை. புழுப்பாம்பு. ஆயா அதைச் செவிப்பாம்பு என்பார். காதுக்குள் பூந்துவிடும் என்று அந்தக் காலத்திலிருந்தே ஒரு பயம். அப்படியெல்லாம் பூராது. முழுதாக வளர்ந்தாலும் ஒரு சாண் வராது. கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். வால் நுனியில் ஒரு சின்ன முள் உண்டு. கையில் எடுத்தால் அதைத்தான் அழுத்திப் பார்க்கும். மனிதர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இந்த இனத்தில் ஆணே கிடையாது என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். எல்லாமே பெண், துணையில்லாமலே முட்டையிடும். பூந்தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று கப்பல் ஏறினாலும் போதும், போன ஊரில் குடும்பம் பெருகிவிடும். அப்படித்தான் நம் பக்கத்துப் பாம்பு ஹவாய், புளோரிடா வரை போய்ச் சேர்ந்தது.

அதன் சாப்பாடு எறும்பு, கறையானின் முட்டையும் புழுவும். பாட்டிலுக்குள் தினமும் அதை எங்கே தேடிப் போடுவாய்? மண் காய்ந்தால் அதன் உடம்பும் காய்ந்துவிடும். தோட்டத்துச் செம்பருத்தித் தொட்டி ஈரத்தில் விட்டால் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும். அதனால் செம்பருத்தித் தொட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவாதே. கிணற்றடியில் வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு மூலையில் சருகும் ஓட்டுத் துண்டும் கிடக்கட்டும். சுவர் ஓரத்தில் மட்டும் குவிக்காதே; எலி வரும், எலியைத் தேடி நாகமும் வரும்.

சட்டத்தையும் தெரிந்துகொள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகள் பலவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். விஷமில்லாதது, சின்னது என்பதெல்லாம் சாக்கு ஆகாது. மண்ணுளியை "இருதலைப் பாம்பு, லட்சக்கணக்கில் போகும்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதே. அதற்கு இரண்டு தலை இல்லை, மழுங்கின வால்தான் தலை மாதிரித் தெரிகிறது. நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் பொய். மல்லாட்டைக் கொல்லையில் எலி தின்கிற பிராணி அது. அங்கேயே இருக்கட்டும்.

இப்போது நான் பயப்படுகிற விஷயம். இன்றைக்குப் புழுப்பாம்பு, நாளைக்குச் சுவரில் பல்லி பிடிக்க ஏறுகிற வெள்ளிக்கோல் வரையனைப் பிடிக்கலாம் என்று உனக்குத் தோன்றும். அதற்கு விஷமில்லை. ஆனால் அச்சு அசல் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். வரையனுக்கு வெள்ளைப் பட்டை கழுத்துக்கிட்டேயே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் கழுத்துப் பக்கம் மங்கலாகவும் வால் பக்கம் தெளிவாகவும் இருக்கும். முதுகு நடுவில் அறுகோணச் செதில் வரிசை ஓடும். படத்தில் இதெல்லாம் சுலபம். ராத்திரியில், கரண்ட் போன நேரத்தில், ஓடுகிற பாம்பில் யாராலும் எண்ண முடியாது. கறுப்பில் வெள்ளை வரி கண்டால் கை நீட்டாதே. 101-க்குப் போன் போட்டால் தீயணைப்புக்காரர்கள் வந்து பிடிப்பார்கள்.

கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட தடமும் கண்ணில் படாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குதல் என்று ஆரம்பிக்கும். அதனால் வெறும் தரையில் படுக்காதே. கட்டிலில் படுத்துக் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள். யாரைக் கடித்தாலும் கயிறு கட்டாதே, கீறாதே. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

கத்தரிப் பாத்தியைச் சுற்றி மரக்காணத்துப் பழைய மீன்வலையைக் கட்டியிருக்கிறோமே, அதை ஒரு சாண் தூக்கிக் கட்டு. போன மாதம் ஒரு சாரை அதில் சிக்கி, நைலான் நூல் செதிலுக்குள் இறங்கிக் கிடந்தது. அதை மீட்க வந்தவர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நானும் தண்ணீர் தெளித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

பாம்பைக் கிட்டத்தில் பார்க்கணும் என்றால் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப்போகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியிலும் பார்க்கலாம். அங்கே இருப்பது 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அங்கிருந்துதான் பெருமளவு விஷம் போகிறது. அந்த இருளர் மக்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? அவர்களே பாம்பை மண்பானையில் மூன்று நாலு வாரம்தான் வைக்கிறார்கள். நாலு தடவை விஷம் எடுத்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

வெயில் பெருமுக்கல் மலைக்குப் பின்னால் இறங்கட்டும். செம்பருத்தித் தொட்டியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். நீ பாட்டிலைச் சாய்த்துப் பிடி, தட்டாதே. அதுவாகவே வெளியே வரும். நான் டார்ச் பிடிக்கிறேன்.