போக 60, வர 30: சராசரி ஏன் 45 அல்ல?

குன்றாண்டார்கோவிலிலிருந்து ஒருவர் பைக்கில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் கீரனூர் போகிறார்; வந்த வழியே 30இல் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? வகுப்பறையிலும் டீக்கடையிலும் முதலில் விழும் விடை 45. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதானே சராசரி என்பது நம்பிக்கை. சரியான விடை 40. தூரத்தை 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக 15 நிமிடம், வர 30 நிமிடம். ஆக 30 கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம், மணிக்கு 40. தூரத்தை இரட்டித்துப் போட்டாலும் நேரமும் இரட்டிக்கும், விடை அதே 40. கணக்கில் தூரமே தரவில்லையே என்று பேனாவை மூடிவைக்கும் மாணவருக்கும் இதுவே பதில். தூரம் எவ்வளவு என்பது இங்கே தேவைப்படவில்லை; இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பது மட்டும் போதும்.

45 ஏன் தவறு? அவர் 60இல் ஓட்டியது 15 நிமிடம்தான்; 30இல் ஓட்டியது அதைப்போல் இரு மடங்கு நேரம். இரண்டுக்கும் சமமான மதிப்புக் கொடுப்பது மெதுவாகப் போன நேரத்தில் பாதியை மறைப்பதற்குச் சமம். தூரம் சமம்தானே, அதை வைத்து ஏன் சராசரி எடுக்கக் கூடாது என்று கேட்கலாம். அதற்கு நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தைப் பார்த்தால் போதும். 40இல் அரை மணி நேரம் ஓடி 20 கிலோமீட்டர் போகும் பேருந்து, இடையில் நிறுத்தங்களில் 10 நிமிடம் நிற்கிறது. நிற்கும்போது அது கடந்த தூரம் பூஜ்யம். தூரத்தை எடையாக வைத்தால் அந்த 10 நிமிடம் கணக்கிலேயே வராது, சராசரி 40 என்றே இருக்கும். 40ஐயும் பூஜ்யத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 20. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கோ 20 கிலோமீட்டருக்கு 40 நிமிடம் ஆகிவிட்டது. உண்மையான சராசரி 30. நேரத்தை எடையாக வைக்கும் கணக்கு மட்டுமே அங்கே போய்ச் சேர்கிறது. (பூஜ்யமும் ஒரு சீரான வேகம்தான். 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் கொண்ட குன்றாண்டார்கோவிலில், அதன் முன்னால் சக்கரங்களும் குதிரைகளுமாகத் தேர் வடிவில் நிற்கும் கல்மண்டபம் நூற்றாண்டுகளாக அந்த வேகத்தைக் குறையாமல் காத்துவருகிறது.)

இந்தத் தவறு மாணவரின் சோம்பலால் வருவது என்று நான் நினைக்கவில்லை. கூட்டிப் பாதியாக்கும் முறை சில இடங்களில் முற்றிலும் சரி. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் நிறுவியது இதைத்தான்: வேகம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால், தொடக்க வேகத்துக்கும் இறுதி வேகத்துக்கும் நடுப்பட்ட வேகமே சராசரி. ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் ‘இயக்கம்’ பாடத்தில் வரும் முடுக்கச் சமன்பாடுகளுக்குள்ளும் அந்தப் பாதி இருக்கிறது. ஒவ்வொரு வேகத்திலும் சம அளவு நேரம் செலவாவதால் அங்கே அது பொருந்துகிறது. ஆரியபட்டரின் ஆரியபட்டீயம் (கி.பி. 499) எதிரெதிரே வரும் இருவர் சந்திக்கும் நேரத்துக்கு இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்பவர்களுக்கு வித்தியாசத்தாலும் வகுக்கச் சொல்கிறது. அங்கே வேகங்களைத் தயங்காமல் கூட்டலாம், ஏனென்றால் இருவருக்கும் ஓடும் நேரம் ஒன்றே. நம் பைக்காரருக்கு அந்தப் பொதுநேரம் இல்லை. மெய்யான விதியைப் பொருந்தாத இடத்துக்குத் தூக்கிப்போவதால்தான் 45 இவ்வளவு நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் சொல்லும் மறுப்பு வேறு: இரு வேகங்களின் பெருக்கற்பலனை இரட்டித்துக் கூட்டுத்தொகையால் வகுக்கும் குறுக்குவழி இருக்கும்போது இவ்வளவு விளக்கம் எதற்கு? குறுக்குவழி சரியானதே, 60க்கும் 30க்கும் 40ஐத்தான் தரும். ஆனால் தூரங்கள் சமமாக இருந்தால் மட்டும். வினாத்தாளில் ‘முதல் ஒரு மணி நேரம் 60இல், அடுத்த ஒரு மணி நேரம் 30இல்’ என்று மாற்றிவிட்டால் சரியான விடை 45; குறுக்குவழியை மட்டும் நம்பியவர் இப்போது 40 என்று எழுதுவார். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பவருக்கு எந்த மாற்றத்தைக் கண்டும் பயமில்லை, அரை நிமிடம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

குண்டும் குழியும், மாடும் ஆடும் உள்ள சாலையில் எந்த வண்டி சீரான வேகத்தில் போகிறது, இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்பாரும் உண்டு. கலிலியோ 1638இல் வெளியான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் சீரான இயக்கத்தை வரையறுத்தபோது, சமமான ‘எந்த’ நேர இடைவெளியை எடுத்தாலும் சமதூரம் கடக்க வேண்டும் என்று கறாராக நிபந்தனை வைத்தார். அந்த நிபந்தனையில் நம் சாலை வண்டி எதுவும் தேறாது. இருந்தாலும் அதே தூரத்தை அதே நேரத்தில் கடக்கும் ஒரு சீரான வண்டியைக் கற்பனை செய்ய முடியும். சராசரி வேகம் என்பது அந்தக் கற்பனை வண்டியின் வேகம். மேடுபள்ளத்தில் ஓட்டியவர் எத்தனை முறை பிரேக் போட்டாலும் இந்த வரையறை குலைவதில்லை.

நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதைச் சோதிக்க இன்னொரு கேள்வி உண்டு. போகும்போது 30இல் போய்விட்டார். போய்வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி 60 கிடைக்க எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்று நாக்கு நுனியில் நிற்கும். ஒருவழித் தூரம் 15 என்றால் போகவே அரை மணி. போய்வரும் 30 கிலோமீட்டரை 60இல் கடக்க ஆகும் மொத்த நேரமும் அரை மணிதான். திரும்புவதற்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை, ஆகவே எந்த வேகமும் போதாது. இதே வகைக் கணக்கொன்றை உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் 1934இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். கணக்கிட்டுப் பார்க்கும் வரை, நேரம் மிச்சமில்லை என்பது ஐன்ஸ்டைனுக்கும் தெரியவில்லையாம்.