மாநகர சபையின் அன்றாட அலுவல்களும் தீர்மானம் எடுக்கும் முறையும்

க.பொ.த (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
அலகு: உள்ளூராட்சி

மாணவர்களே, "உள்ளூராட்சி நிறுவனங்களின் பணிகள் ஐந்து தருக" என்று கேட்டால் உங்களிற் பலர் நிமிராமலே விடை எழுதிவிடுவீர்கள். வீதிகளைப் பராமரித்தல், குப்பை அகற்றல், நூலகம் நடத்தல், சந்தை நடத்தல், தெருவிளக்கு அமைத்தல் எனப் புள்ளிகள் வந்துவிடும். "ஒரு தீர்மானம் மாநகர சபையில் எவ்வாறு எடுக்கப்படுகின்றது என விளக்குக" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "மேயர் தீர்மானிப்பார்" என்று ஒரே வரியில் எழுதிப் பலர் முடித்துவிடுகின்றனர். அவ்விடை பிழையானது. மேயர் தனித்து எடுக்கும் முடிவு வேறு, சபையின் தீர்மானம் வேறு. இப்பாடம் முழுவதும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

சட்ட அடிப்படை

மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. நகர சபைகளுக்கு 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாண சபைகளுக்குரிய விடயமாகும். இன்று நாட்டில் 29 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 276 பிரதேச சபைகள் என மொத்தம் 341 உள்ளூராட்சி நிறுவனங்கள் உள்ளன. பழைய நூல்களில் 24, 41, 276 எனக் காணப்படலாம். வவுனியா, திருகோணமலை போன்ற நகர சபைகள் மாநகர சபைகளாகத் தரமுயர்த்தப்பட்டமையே இதற்குக் காரணம். மொத்தம் மாறவில்லை.

யார் தீர்மானிக்கிறார்? யார் நிறைவேற்றுகிறார்?

யாழ்ப்பாண மாநகர சபையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1949 இல் மாநகர சபையாக்கப்பட்ட இச்சபைக்கு 27 வட்டாரங்கள் உண்டு. உறுப்பினர்களோ 45 பேர். வட்டாரங்களிலும் பார்க்க உறுப்பினர் தொகை அதிகமாக இருப்பது ஏன் என மாணவர் கேட்பதுண்டு. 2018 தேர்தல் முதல் கலப்பு முறை நடைமுறையில் உள்ளது. ஏறத்தாழ 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் தெரிவாகின்றனர். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு.

ஏதேனும் ஒரு கட்சிக்கோ குழுவுக்கோ அரைவாசிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தால் மேயரை அதுவே பெயர் குறிக்கும். இல்லாவிடின் முதற் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்து மேயரைத் தெரிவு செய்வர். அக்கூட்டத்துக்கு உள்ளூராட்சி ஆணையாளர் தலைமை தாங்குவார். வாக்கெடுப்பு பகிரங்கமாகவா இரகசியமாகவா நடைபெற வேண்டும் என்பதையும் அங்கேயே உறுப்பினர்கள் முடிவு செய்வர்.

மேயர் சபையின் பிரதான நிறைவேற்று அதிகாரி. சபைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. வாக்குகள் சமமானால் அறுதியிடும் வாக்கு அவருக்கு உண்டு. ஆனால் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் என்ற வகையில் அவருக்கு இருப்பது ஒரு வாக்குத்தான். மாநகர ஆணையாளர் என்பவர் அரச உத்தியோகத்தர். பொறியியலாளர், கணக்காளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருமானப் பரிசோதகர் முதலியோரை வைத்துச் சபை எடுத்த தீர்மானத்தை நடைமுறைப்படுத்துவது அவரது கடமை. விடையெழுதும்போது மேயரையும் ஆணையாளரையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்பவர்கள் அதிகம்.

ஒரு வடிகானின் கதை

இனி ஒரு சிறு பிரச்சினையைப் பின்தொடர்ந்து செல்வோம். ஒரு வட்டாரத்திலுள்ள ஒழுங்கையொன்றில் மழை பெய்தால் வெள்ளம் நிற்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நுளம்பு பெருகி டெங்குப் பயமும் உண்டு. மக்கள் வட்டார உறுப்பினரிடம் சொல்கிறார்கள். "வருகிற மாதம் செய்து தருவோம்" என்கிறார் அவர்.

இந்தக் கட்டத்தில் எந்தத் தீர்மானமும் எடுக்கப்படவில்லை. உறுப்பினரின் சொல் ஒரு வாக்குறுதி மாத்திரமே. மேயரே நேரில் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாலும் நிலைமை அதுதான்.

முதலில் அந்த வீதி யாருடையது எனப் பார்க்க வேண்டும். கண்டி வீதி போன்ற ஏ தர வீதிகளும் அவற்றின் வடிகான்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. வேறு சில வீதிகள் மாகாணத்துக்குரியவை. எஞ்சிய உள் வீதிகளும் ஒழுங்கைகளுமே பெரும்பாலும் மாநகர சபைக்குரியவை. தனக்குச் சொந்தமில்லாத வீதியில் சபை காசு செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி எழும். மக்கள் "சபை ஒன்றும் செய்வதில்லை" எனக் குறைகூறும் இடங்களிற் சில, உண்மையில் சபையின் அதிகாரத்துக்கு உட்படாத இடங்களே.

வீதி சபைக்குரியது எனத் தெரிந்தபின் வேலைப் பகுதி உத்தியோகத்தர் இடத்தைப் பார்வையிட்டு அளந்து மதிப்பீடு தயாரிப்பார். அது வேலைகளுக்குரிய குழுவுக்குச் செல்லும். மாநகர சபையில் நிதி, சுகாதாரம், வேலைகள் எனப் பல நிலையியற் குழுக்கள் உள்ளன. 45 பேரும் ஒன்றாக இருந்து ஒவ்வொரு வடிகானின் அளவையும் ஆராய முடியாது. ஆகவே நுணுக்கமான ஆராய்வு குழுக்களில் நடைபெறுகிறது. குழு விதப்புரை செய்யும். அதனை ஏற்பதும் மாற்றுவதும் திருப்பி அனுப்புவதும் சபையின் உரிமை. "விதப்புரை", "தீர்மானம்" ஆகிய இரு சொற்களையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

சபைக் கூட்டம்

மாநகர சபை மாதம் ஒரு முறையாவது பொதுக் கூட்டம் கூட வேண்டும். கூட்ட அறிவித்தலும் நிகழ்ச்சி நிரலும் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்படும். கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் சமுகமளித்திருக்க வேண்டும். அத்தொகை இல்லாவிடின் அலுவல் எதனையும் நடத்த முடியாது.

பொதுவாக முதலில் சென்ற கூட்ட அறிக்கை உறுதிப்படுத்தப்படும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவது என்பது சென்ற மாதத் தீர்மானத்தை மறுபடி விவாதிப்பதன்று. நடந்தது சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பதை மாத்திரம் பார்ப்பதாகும். தீர்மானத்தோடு உடன்படாத உறுப்பினரும் "எழுதியது சரி" என ஏற்றுக்கொள்ள முடியும். அதன்பின் மேயரின் அறிவித்தல்கள், உறுப்பினர் வினாக்கள், குழு அறிக்கைகள், பிரேரணைகள் என அலுவல்கள் செல்லும்.

பிரேரணையை ஓர் உறுப்பினர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். ஆமோதிப்பவர் இல்லாவிட்டால் பிரேரணை அத்துடன் விழுந்துவிடும். ஆமோதிக்கப்பட்டால் விவாதம் நடைபெறும். திருத்தங்கள் முன்வைக்கப்படலாம். எவரும் எதிர்க்காவிடின் ஏகமனதாக நிறைவேறும். எதிர்ப்பு இருந்தால் வாக்கெடுப்பு. முடிவு கூட்டறிக்கையிற் பதியப்படும். அப்பதிவுக்குப் பின்னரே ஆணையாளர் செயலில் இறங்க முடியும். எனவே உங்கள் ஒழுங்கையின் வடிகான் உண்மையில் "தீர்மானமாவது" இந்தப் பதிவில்தான்.

உறுப்பினர்கள் உரத்துப் பேசுவதும் வெளிநடப்புச் செய்வதும் பத்திரிகைச் செய்தியாகின்றன. ஆனால் சபை அலுவல்களிற் பெரும்பகுதி சத்தமில்லாதவை. சந்தைக் கடைக் குத்தகை, வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட வரைபட அனுமதி, கழிவகற்றும் வாகனத்தின் திருத்தச் செலவு, நூலகத்துக்கு நூல் கொள்வனவு, மயானப் பராமரிப்பு என்பன மாதந்தோறும் வரும்.

இந்தச் சாதாரண அலுவல்களுக்கும் யாழ்ப்பாணத்தில் பெரும் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நல்லது. நீண்ட இடைவெளிக்குப் பின் 1998 ஜனவரியில் சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. மேயராகிய சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திற் கொல்லப்பட்டார். அடுத்து மேயரான பொன். சிவபாலன் செப்டெம்பரில் சபைக் கட்டடத்தில் வெடித்த குண்டில் உயிரிழந்தார். நகரப் போக்குவரத்து ஒழுங்குகளைப் பற்றிப் பேசுவதற்காகவே அன்று அங்கு கூடியிருந்தார்கள்.

பாதீடு

தீர்மானம் நிறைவேறியும் வடிகான் வராமற் போகலாம். காரணம் பணம். அவ்வாண்டுப் பாதீட்டில் ஒதுக்கீடு இல்லாத வேலைக்குச் சபை செலவிட முடியாது. மிக அவசியமாயின் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றைச் சபை அங்கீகரிக்க வேண்டும்.

சபையின் சொந்த வருமானத்தில் முக்கியமானது ஆதன வரியாகும். மக்கள் வழக்கில் இது சோலை வரி எனப்படும். ஆண்டு முழுமைக்குமான வரியை ஜனவரி 31 இற்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். காலாண்டுக்குரியதை அக்காலாண்டின் முதல் மாதத்திலேயே செலுத்தினால் 5 வீதம். இவை தவிர அனுமதிக் கட்டணம், வாடகை, அரச நன்கொடை என்பனவும் வருமானங்களாகும். வரி நிலுவை பெருகினால் வடிகான் சுருங்கும். இத்தொடர்பை விடையில் எழுதுவோர் சிலரே.

பாதீட்டை மேயர் தயாரித்துச் சபையிற் சமர்ப்பிப்பார். அது பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படும். பெரும்பாலும் இவ்விவாதம் வருட இறுதியில், வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலத்திலேயே நடைபெறும். வெள்ளம் நிற்கும் வாரத்தில் அடுத்த ஆண்டு வடிகான்களுக்கான பணம் பேசப்படுகிறது. ஆகவே கோரிக்கையைக் கொடுக்கச் சிறந்த காலம் மழைக்கு முன்னர்தான்.

பல சபைகளில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சமமான தொகையைப் பங்கிடும் வழக்கம் உண்டு. பார்வைக்கு இது நியாயமாகத் தோன்றும். ஆனால் வெள்ளம் வட்டார எல்லையைப் பார்ப்பதில்லை. மூன்று வட்டாரங்களூடாகச் சென்று கடலைச் சேரவேண்டிய பெரிய வாய்க்காலுக்குப் பணமின்றி, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு துண்டு வடிகான் கட்டப்படுகிறது. ஒரு துண்டின் நீர் அடுத்த ஒழுங்கையில் போய் நிற்கிறது. யாழ்ப்பாணம் போன்ற சமதரையில் இவ்வாறு பங்கிடுவது சரியான முறையெனக் கூற முடியாது.

பாதீடு தோற்கடிக்கப்பட்டால் மேயர் இரண்டு வாரங்களுக்குள் அதனை மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 2012 இற் செய்யப்பட்ட சட்ட ஏற்பாட்டின்படி, சபையின் முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டாம் முறையும் தோற்றால் பாதீடு நிறைவேறியதாகவே கருதப்படும். பிந்திய ஆண்டுகளில் அவ்வாறு தோற்றால் மேயர் பதவி விலகியவராகக் கருதப்படுவார். 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இதுவே நடந்தது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில் மேயர் இம்மானுவேல் ஆர்னோல்ட்டின் பாதீடு இரு முறை தோற்றது. அம்மாத இறுதியில் விஸ்வலிங்கம் மணிவண்ணன் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மேயராகத் தெரிவானார்.

பணம் ஒதுக்கப்பட்டபின் கேள்விமனுக் கோரல், விலைகளை மதிப்பிடல், ஒப்பந்தம், வேலை, அளவீடு, கொடுப்பனவு என்பன நடைபெறும். கணக்காய்வாளர் நாயகம் கணக்குகளைப் பரிசோதிப்பார். மேலும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கூட்டறிக்கையின் பிரதியையோ வேலை மதிப்பீட்டையோ கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

சபை இல்லாத காலம்

2018 இல் தெரிவான சபைகளின் காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அம்மாதம் நடைபெறவேண்டிய தேர்தல் பிற்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடைபெற்றதோ 2025 மே 6 இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். குப்பை அள்ளப்பட்டது, வரி அறவிடப்பட்டது, சம்பளம் கொடுக்கப்பட்டது. ஆனால் எந்த ஒழுங்கைக்கு முதலில் வடிகான் என்பதைப் பகிரங்கமாகக் கேட்கவும் எதிர்த்து வாக்களிக்கவும் தெரிவு செய்யப்பட்ட ஒருவரும் இருக்கவில்லை.

பயிற்சி வினாக்கள்

1. "மாநகர சபை ஒன்றின் மேயர் தன் விருப்பப்படி வடிகான் ஒன்றை அமைக்க முடியாது." காரணங்களுடன் விளக்குக.
(குறிப்பு: குழுவின் விதப்புரை, சபைத் தீர்மானம், பாதீட்டு ஒதுக்கீடு, கேள்விமனு ஆகிய நான்கையும் வரிசை மாறாது எழுதுக. வீதியின் உரிமை பற்றியும் குறிப்பிட்டால் விடை மேலும் சிறக்கும்.)

2. மேயர், மாநகர ஆணையாளர் ஆகியோரின் கடமைகளை வேறுபடுத்துக.

3. உமது பிரதேசத்தில் தெருவிளக்கு இல்லாத வீதியொன்றைத் தெரிவு செய்து, உரிய உள்ளூராட்சி நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதம் ஒன்று எழுதுக.
(குறிப்பு: வட்டாரம், வீதியின் பெயர், அண்ணளவான நீளம், பயன்படுத்துவோர் யார் என்பன கடிதத்தில் இடம்பெற வேண்டும். கடிதம் பரீட்சைத் தாளுக்கு மாத்திரம் உரியதன்று. உண்மையாகவே அனுப்பி, கிடைத்தமைக்கான கடிதத்தைக் கேட்டுப் பெற்று வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.)