கோடையில் கான்கிரீட்: இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் ஊற்றக் கூடாது

சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வேதிவினையின் வேகத்தை வெப்பநிலை, துகளின் நுண்மை, சேர்க்கைப் பொருள்கள், தண்ணீரின் அளவு ஆகிய நான்கும் முடிவு செய்கின்றன. சித்திரை வெயில் ஏறியதும் முதல் காரணி மற்ற மூன்றையும் முந்திக்கொள்கிறது. கோடையில் நேர்ந்த பிழை ஐப்பசி மழையில் தளம் ஒழுகும்போதுதான் வெளியே தெரிகிறது. 

வெப்பநிலை: 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சிமெண்டின் வினை 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது ஒன்றரை மடங்குக்கு மேல் விரைவாகிறது. வினையே வெப்பத்தை வெளியிடுவதால் கலவை தன்னைத்தானே மேலும் விரைவாக்கிக்கொள்கிறது. சிமெண்ட் இறுகத் தொடங்கக் குறைந்தது 30 நிமிடமாவது ஆக வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அந்த நேரம் 27 டிகிரியில் சோதித்து அளக்கப்படுவது. மே மாத நண்பகலில் அதே அவகாசம் கிடைக்காது. விரைவாக இறுகுவது பலமும் அல்ல. சூட்டில் போட்ட கான்கிரீட் முதல் சில நாள்களில் முந்தினாலும், 28 நாள் பலத்தில் பின்தங்குகிறது. அவசரமாக உருவான விளைபொருள் சிமெண்ட் துகளைச் சுற்றி ஓடாகப் படிந்து, உள்ளே தண்ணீர் போக விடாமல் தடுப்பதே காரணம்.

நுண்மை: துகள் சிறிதாகச் சிறிதாகத் தண்ணீர் தொடும் பரப்பு கூடும்; வினை விரையும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 1 கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 53 கிரேடு பொதுவாக 43 கிரேடைவிட நுண்மையாக அரைக்கப்பட்டு, விரைவாகச் சூடேறும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக வினைபுரிந்து குறைந்த வெப்பம் விடுவதால் கோடைக்கு ஏற்றது.

சேர்க்கைப் பொருள்கள்: ஆலையிலேயே சேர்க்கப்படும் ஜிப்சம் இல்லாவிட்டால் சிமெண்ட் சில நிமிடங்களில் கட்டிவிடும். கோடையில் தேவைப்பட்டால் ஐ.எஸ். 9103 தரமுள்ள தாமதப்படுத்தியைப் பொறியாளர் சொன்ன அளவில் மட்டும் சேர்க்கலாம். கைப்பிடிக் கணக்கில் சர்க்கரை போடுவது ஆபத்து. அளவு மீறினால் கலவை இறுகாமலே போகலாம். இறுக்கத்தை விரைவாக்கும் கால்சியம் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி கட்டிய வேலையில் அதற்கு இடமே இல்லை.

தண்ணீர்: கோடையில் மிக அதிகக் கேடு விளைவது இங்கேதான். வழியில் இறுகிவிட்ட கலவையை மண்வெட்டி தள்ளவில்லை என்றதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறார்கள். இது கூடவே கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று அளந்து கலந்ததில் மேலும் 5 லிட்டர் ஊற்றினால், பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கூடுதல் தண்ணீர் ஆவியாகி விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியாகவே பிறகு மழைநீர் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. பின்னத் தொடங்கிய படிகங்களைக் கிளறி உடைத்தால் அவை பழையபடி சேர்வதும் இல்லை. கலவை இளகிவிட்டது கண்ணுக்குத் தெரிகிறது, பலம் போனது தெரிவதில்லை. அதனால்தான் எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு நிற்பதில்லை. வீட்டுக்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதாது. வாளி எங்கே போகிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை:

- அதிகாலையிலோ மாலையிலோ போடவும். போடும்போது கான்கிரீட்டின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.
- ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் நிழலில். ஜல்லி மேல் முன்னதாகத் தண்ணீர் தெளிக்கவும்.
- கலக்கும் தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்கவும். பனிக்கட்டி சேர்த்தால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவும். கலந்து முடிவதற்குள் முழுதும் கரைய வேண்டும்.
- சென்ட்ரிங் பலகையையும் கம்பியையும் நனைத்துக் குளிரவைக்கவும். தண்ணீர் தேங்கக் கூடாது.
- போடுமிடத்துக்கு அருகிலேயே சிறு சிறு அளவாகக் கலக்கவும். வைப்ரேட்டர் இரண்டு தயாராக இருக்கட்டும்.
- இறுகத் தொடங்கிய கலவையை ஒதுக்கித் தள்ளவும். தண்ணீர் ஊற்றி மீட்கக் கூடாது.

நீராற்றல் (கியூரிங்): கலவையில் ஊற்றக் கூடாத தண்ணீர், தளம் இறுகியபின் மேலே குறைவின்றி நிற்க வேண்டும். வெயிலும் காற்றும் சேர்ந்து ஈரத்தை இழுத்தால் மேற்பரப்பு அன்றைக்கே வெடிக்கும். உள்ளீரம் குறைந்துபோனால் சிமெண்ட் மீதி இருந்தும் வினை நின்றுவிடும். மட்டம் தட்டி முடித்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடி, மேற்பரப்பு இறுகியபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவும். தூண், விட்டத்துக்கு ஈரச் சாக்கு சுற்றவும். ஐ.எஸ். 456 : 2000 விதிப்படி வறண்ட வெயிலில் 10 நாளுக்குக் குறையக் கூடாது, பி.பி.சி. என்றால் 14 நாள் நல்லது. காலையில் ஒருமுறை குழாய் பிடித்துவிட்டு மாலைவரை காயவிடுவது நீராற்றல் ஆகாது. நனைந்தும் காய்ந்தும் மாறும் பரப்பில் விரிசல் கூடும்.