முதியோர் இல்லத்தின் தரத்தை நாமே கணிப்பது எப்படி?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது நம்மவர் மத்தியில் இன்றும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் காரியமாகவே உள்ளது. ஆனால் வீடும் நிலமும் இழந்த குடும்பங்களுக்குச் சில வேளைகளில் வேறு வழி இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. உயிர் தப்பிய குடும்பங்கள் நீண்ட காலம் தற்காலிக இடங்களில் வாழ நேர்ந்தது. இத்தகைய இடங்களில் நடக்க முடியாத ஒரு முதியவரை வைத்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

எனவே, "சேர்க்கலாமா, கூடாதா?" என்பது இப்பாடத்தின் கேள்வியல்ல. சேர்த்த இடத்தில் நம் தாய் தந்தையர் நன்றாகப் பராமரிக்கப்படுகிறார்களா என்பதை எப்படி அறிவது என்பதையே இங்கு படிப்போம்.

ஏன் இது நம் பிரச்சினை?

1981இல் இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டில் அது நூற்றுக்கு 12க்கு மேல் உயர்ந்தது. தோட்டப் புறங்களில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவானது. அண்ணன் கப்பலேற, தங்கை தோட்டத்தில் தங்கினாள். பின்னர் 1977, 1983 வன்செயல்களால் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. இன்று பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். குழந்தைகளைப் பார்க்கத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் உண்டு. கிழவர்களைப் பார்க்கவோ லயக் காம்பராவும் உறவுகளுமே இருந்தன. அந்த உறவுகள்தான் சிதறிவிட்டன.

ஒரு சிறு காட்சி

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த தாய். வயது 76. பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகனும் மகளும் இல்லத்துக்குப் பார்க்கப் போகிறார்கள். நிலம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. தாய் சலவைச் சேலை உடுத்தியிருக்கிறார். மகனுக்குத் திருப்தி. மகள் தாயின் கால்மாட்டில் அமர்ந்து போர்வையை விலக்குகிறாள். குதிகாலில் ஒரு ரூபாய் அளவில் கறுத்த தழும்பு, தொட்டால் சூடு. தாய் முகத்தைச் சுளிக்கிறார். மகன் நிலத்தைப் பார்த்தான். மகள் தாயைப் பார்த்தாள். இருவரில் இல்லத்தின் தரத்தைக் கணித்தவர் யார்?

மூன்று படிகள்

அவெடிஸ் டொனபீடியன் என்ற வைத்திய அறிஞர் 1966இல் பராமரிப்பின் தரத்தை அளக்க ஒரு எளிய வழியைக் காட்டினார். அது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: என்ன இருக்கிறது? என்ன நடக்கிறது? என்ன விளைகிறது?

1. என்ன இருக்கிறது?

கட்டடம், கட்டில், மலசலகூடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, சறுக்காத நிலம், சக்கர நாற்காலி போகும் வழி. ஹப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் கம்பளியும் குளிக்கச் சுடுதண்ணீரும் அவசியம். பகலில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். இரவில் எத்தனை பேர், எத்தனை முதியவர்களுக்கு என்றும் கேளுங்கள். தமிழ் பேசும் ஒருவராவது உண்டா? "நெஞ்சை அடைக்குது" என்று நள்ளிரவில் தாய் சொல்வது பணியாளருக்கு விளங்காவிட்டால், எத்தனை மருந்து இருந்தும் பயனில்லை. இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் இங்கேயே கேட்க வேண்டும்.

2. என்ன நடக்கிறது?

இதை அறிய, சொல்லாமல், வெவ்வேறு நேரங்களில் போக வேண்டும். சாப்பாட்டு வேளை மிக நல்ல வேளை. கை நடுங்கும் ஒருவருக்கு ஊட்டி விடுகிறார்களா, அல்லது தட்டை வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் போகிறார்களா? அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள்? தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழமை, அதைச் செய்கிறார்களா? உடை மாற்றும்போது திரை போடுகிறார்களா? "கிழவி" என்கிறார்களா, "பாட்டி" என்கிறார்களா? திருநீறு பூசுபவர் பூசவும், செபமாலை சொல்பவர் சொல்லவும் இடமுண்டா?

3. என்ன விளைகிறது?

இதுவே முக்கிய படி. முதியவரின் உடலும் மனமும் பொய் சொல்லாத சாட்சிகள்.

நிறை: மாதந்தோறும் நிறுத்து எழுதுகிறார்களா? 40 கிலோ உள்ளவர் ஒரே மாதத்தில் 2 கிலோ குறைந்தால் அது எச்சரிக்கை. காரணத்தை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

தோல்: குதிகால், இடுப்பு, முதுகின் அடி ஆகிய இடங்களைப் பாருங்கள். படுக்கைப் புண் முதலில் சிவப்பாகத் தோன்றும் என்பார்கள். நம் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்த, சூடான அல்லது கடினமான இடமாகத் தெரியும்.

தண்ணீர்: உலர்ந்த நாக்கு, மஞ்சள் கடுத்த சிறுநீர், திடீர்க் குழப்பம். சிலவேளை படுக்கை நனையும் என்று பயந்து முதியவர்களே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள்.

விழுதல்: விழுந்தாரா என்பதோடு, விழுந்த பின் என்ன மாற்றம் செய்தார்கள் என்றும் கேளுங்கள்.

விழிப்பு: எந்நேரமும் தூங்கி வழிந்தால் என்ன குளிசை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள்.

மனம்: பணியாளர் அருகே வரும்போது முகம் மலர்கிறதா, ஒடுங்குகிறதா?

புள்ளிகளைக் கூட்ட வேண்டாம்

பரீட்சைபோல் புள்ளி போட்டுக் கூட்டினால் ஏமாந்து போவோம். பளபளக்கும் நிலத்துக்குப் பத்துப் புள்ளி கொடுத்து, ஆறாத புண்ணை அதனால் ஈடுசெய்ய முடியாது. அடித்தல், கட்டிவைத்தல், பட்டினி போடுதல், புண்ணைக் கவனியாமல் விடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே செயலில் இறங்க வேண்டும்.

அதேவேளை நியாயமாகவும் இருப்போம். ஒரே பெண் இருபது பேரைத் தூக்கிக் குளிப்பாட்டும் இடத்தில் குற்றம் பெரும்பாலும் அவளுடையதல்ல. சில குறைகளைக் குடும்பமே தீர்க்கலாம்: வாரம் ஒருமுறை போய் ஊட்டுதல், நகம் வெட்டுதல், ஊர்ச் சேதி சொல்லுதல். அடிக்கடி ஆள் வரும் முதியவரை எவரும் எளிதில் அலட்சியம் செய்வதில்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதை அடைந்தோரை முதியோர் என்கிறது. முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்றும் அது கூறுகிறது. தம்மைத் தாமே காப்பாற்ற இயலாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரி, அதற்கென அமைந்த சபையில் விண்ணப்பிக்கலாம். 1991இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற கோட்பாடுகள் சுதந்திரம், பங்கேற்பு, பராமரிப்பு, தன்னிறைவு, கண்ணியம் ஆகிய ஐந்தும் முதியவரின் உரிமை என்கின்றன. இல்லத்தில் இருப்பதால் இவற்றில் எதுவும் குறைவதில்லை.

குறை கண்டால் முதலில் பணியாளரிடமும், பின் பொறுப்பாளரிடமும் பேசுங்கள். பேசிய திகதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தீராவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புண், காய்ச்சல், மயக்கம் என்றால் கடிதத்துக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பணத்திலும் கவனம் தேவை. சேமலாப நிதியில் மிஞ்சியதை எவரிடமும் வாய்ப்பேச்சில் ஒப்படைக்க வேண்டாம், பற்றுச்சீட்டு பெறுங்கள். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் யாரிடம் உள்ளன என்று தெரிந்து வையுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் பகுதியில் யாரும் வந்து பார்க்காத முதியவர்கள் எத்தனை பேர் இல்லங்களில் இருக்கிறார்கள்? அவர்களைப் பார்க்க முறை வைத்துப் போக முடியுமா?

2. மேற்கண்ட மூன்று படிகளில் நாம் வழக்கமாக எதை மட்டும் பார்க்கிறோம்? ஏன்?

3. இதே கேள்விகளை நம் வீட்டில் இருக்கும் முதியவர் விடயத்தில் கேட்டால் என்ன விடை வரும்?

மூன்றாவது கேள்வியை அவசரமின்றிப் பேசுங்கள். குதிகாலைப் பார்க்க வேண்டிய கடமை இல்லத்தாருக்கு மட்டும் உரியதல்ல.