சவரமும் அரிப்பும்: ஓர் அனுபவப் பாடம்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "நாளைய உலகில் இளைஞர்" என்பது போல ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஐந்தாம் பருவத்தில் இரண்டு மாத காலம் நான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வகுப்புக்கு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "என்னடா, லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டவர்களும் உண்டு. விஷயம் அதுவல்ல. சவரம் செய்த இடமெல்லாம் அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடந்தேன். நான் பட்டதும் அதில் கற்றதும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். சிரிக்காமல் படிக்கவும்.

நடந்தது என்ன?

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா தோட்ட வேலைக்குப் போகிறார்கள்.

செய்முறைத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் முகம் மழித்துத்தான் வரவேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விதி. விடுதியில் காலை ஏழரை மணிக்குக் குழாயடியில் கூட்டம். அவசரத்தில் பக்கத்து அறை நண்பனின் ரேசரை வாங்கி, குளிக்கிற சோப்பைத் தடவி, பச்சைத் தண்ணீரில் இழுத்துவிட்டு ஓடுவேன். அவன் துண்டிலேயே முகத்தையும் துடைத்துக்கொள்வேன். அவன் பிளேடு மாற்றி எத்தனை நாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதலில் கழுத்தில் எரிச்சல். பிறகு அரிப்பு. ராத்திரி படுத்தால் தூக்கமே வராது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு களிம்பு பெட்டியில் இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் எப்போதும் கிடக்கும் களிம்பு அது. அப்பாவுக்குக் கழுத்தில் அரித்தாலும் அதுதான், அம்மாவுக்குக் காலில் அரித்தாலும் அதுதான். மெடிக்கல் கடையில் "அரிப்புக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கியது. தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு போயே போச்சு. அடடா, என்ன மருந்து என்று மகிழ்ந்தேன். நிறுத்தியதும் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. மறுபடி தடவினேன். இப்படியே ஆறு வாரம். கன்னமெல்லாம் சிவந்து, தாடை ஓரம் வட்டம் வட்டமாகப் படர்ந்துவிட்டது.

கடைசியில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். "இது படர்தாமரை தம்பி. பூஞ்சைக் கிருமி. என்ன தடவுன?" என்றார். ட்யூபை நீட்டினேன். "டிப்ளமோ படிக்கிறேங்கற. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் படித்தேன். பொடி எழுத்தில் ஸ்டீராய்டு மருந்தின் பெயர். அதற்குக் கீழே, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. எல்லாம் ஆங்கிலத்தில். அப்பாவுக்கு அது தெரியாது, அவர் மேல் குற்றமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு வாரமாக நான் படிக்கவில்லை. புண்ணைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அரிப்பு ஏன் வருகிறது?

டாக்டரம்மா சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் தொகுத்துத் தருகிறேன். நம் லேத் பாடத்தை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

மழுங்கிய டூலை வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? வெட்டாது, பிய்க்கும். சூடேறும். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பிளேடும் அப்படித்தான். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அந்த முடியே பிளேடின் ஓரத்தைச் சில்லுச் சில்லாக உடைக்கிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வெட்டும்போது முடி வளைகிறது. அந்த வளைவில் ஓரத்தின் பலவீனமான இடம் உடைகிறது. உடைந்த ஓரம் அடுத்த முறை முடியோடு தோலையும் சுரண்டுகிறது.

சவரத்துக்குப் பின் வரும் அரிப்புக்கு முக்கியமான காரணங்கள் ஐந்து:

1. உராய்வு. தோலின் மேலடுக்கு சுரண்டப்பட்டு ஈரம் போய்விடுகிறது. எரிச்சல் உடனே வரும். பெரும்பாலும் இரண்டொரு நாளில் தானே அடங்கும்.

2. உள்வளர் முடி. சாய்வாக வெட்டுப்பட்ட முடியின் கூர்நுனி சுருண்டு, திரும்பத் தோலுக்குள்ளேயே குத்துகிறது. பரு மாதிரித் தெரியும், ஆனால் பரு அல்ல. சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்திலும் தாடையிலும் அதிகம். இரண்டு மூன்று பிளேடு வைத்த ரேசரில் முதல் பிளேடு முடியை இழுத்துக்கொடுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. வழவழப்பு கிடைக்கும், வினையும் கூடவே வரும்.

3. பாக்டீரியா. முடி வேரில் சீழ்க் கொப்புளம் வரும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இதற்கு முக்கியக் காரணம்.

4. ஒவ்வாமை. சோப்பு, லோஷன் ஆகியவற்றில் உள்ள வாசனைப் பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

5. பூஞ்சை. பிறர் துண்டு, ரேசர் மூலம் ஒட்டும் படர்தாமரை. என் கேஸ் இதுதான்.

ஐந்துக்கும் ஒரே களிம்பு எப்படி மருந்தாகும்? ஸ்டீராய்டு என்பது தோலின் எதிர்ப்பை அடக்கிவைக்கும் மருந்து. எதிர்ப்பு அடங்கியதும் அரிப்பு நின்றுவிடும். ஆனால் பூஞ்சைக்குத் தடை நீங்கி அது தாராளமாகப் பரவும். தொடர்ந்து தடவினால் தோலும் மெலிந்துபோகும். டாக்டர் பார்த்து, அளவு சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். நாமாகத் தடவினால்தான் வம்பு. இதனால்தான் 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

எப்படிச் சவரம் செய்வது?

1. குளித்த பிறகு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீர் பட்டால் முடி நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். வெந்நீர் இல்லையென்றால் ஈரத்துணியை முகத்தில் சிறிது நேரம் போட்டு வையுங்கள்.

2. நம் விடுதி போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசிய உப்பு அதிகம். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். குளிக்கிற சோப்பின் காரத்தன்மையும் தோலுக்கு ஆகாது. தோலின் பி.எச். சுமார் 5, சாதாரண சோப்பு 9 முதல் 10. ஆகவே ஷேவிங் கிரீம் நல்லது. லேத்துக்குக் கூலன்ட் எப்படியோ, முகத்துக்கு அது.

3. முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசை வேண்டாம். அழுத்தாதீர்கள். தோலைப் பிடித்து இழுத்தும் வெட்டாதீர்கள். ஒருமுறை போன இடத்தில் மறுபடி மறுபடி போகாதீர்கள்.

4. பிளேடு பிடித்து இழுப்பதாகத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். உபயோகித்தபின் அலசி, உதறி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

5. ரேசரும் துண்டும் இரவல் வேண்டாம். அரிப்பு மட்டுமல்ல, ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலை பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். சலூனில் உங்கள் கண்முன்னே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

6. முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும். ஸ்பிரிட் கலந்த லோஷன் எரிச்சலையும் வறட்சியையும் கூட்டும். படிகாரம் சிறு கீறலில் ரத்தத்தை நிறுத்தும். ஆனால் ஒரே கல்லை ஊர் முகத்தில் எல்லாம் தேய்க்கக் கூடாது.

அரிப்பு வந்துவிட்டால்?

சவரத்தை நிறுத்துங்கள். இதுதான் முதல் மருந்து. உள்வளர் முடி என்றால் மூன்று நான்கு வாரம் விட்டாலே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். நகத்தால் நோண்டாதீர்கள். சொறியச் சொறிய அரிப்பு ஏறுமே தவிர இறங்காது. குளிர்ந்த ஈரத்துணியை வைத்து எடுங்கள். சீழ், வட்டமான படை, காய்ச்சல், வீக்கம் இருந்தாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கேட்பதில்லை. இன்னொன்று: அரிப்புக்குத் தரும் மாத்திரைகள் சிலவற்றுக்குத் தூக்கம் வரும். போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். பட்டறை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

தாடியோடு நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போவது என்பதே என் பெரிய பயமாக இருந்தது. மருத்துவச் சான்றிதழைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத மூணு மாசம் முன்னாடியே வந்து சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். கத்தரியால் ஒட்ட வெட்டிய தாடியோடுதான் போனேன். வேலை கிடைத்ததா என்பீர்கள். இரண்டாம் சுற்று வரை போனேன். மூன்றாவதில் என்னைத் தள்ளியது தாடியல்ல, ஆங்கிலம்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஜன்னல் திட்டில் அந்த ட்யூப் அப்படியே கிடந்தது. அப்பாவை உட்காரவைத்து அதிலிருந்த பொடி எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் சொன்னேன். மூட்டைத் தூசி என்று பல வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்த கழுத்து அரிப்பைக் காட்டினார். "இதப் படிச்சுச் சொல்லத்தானடா சாமி உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்றார். மறுநாள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்கும் படர்தாமரைதான். இருவரும் டாக்டர் சொன்ன வாரம் முழுக்க, அரிப்பு நின்ற பிறகும் நிறுத்தாமல், மருந்து போட்டுக்கொண்டோம். இப்போது இருவருக்கும் நலம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டு ஜன்னல் திட்டிலும் அப்படி ஒரு ட்யூப் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்துப் படித்துச் சொல்லுங்கள்.