பெயரை அழித்தால் ஆள் மறைவாரா?

எங்கள் சோதனைச்சாலையில் ஆராய்ச்சி மாணவர்கள் 11 பேர். சென்ற பருவத்தில் விளையாட்டாக ஒரு பந்தயம் வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவரும் தம் செல்போன் சேர்த்துவைத்திருக்கும் 30 நாள் இடக்குறிப்பைத் தர வேண்டும். பெயரும் எண்ணும் இராது. மிஞ்சுவன மூன்றே பத்திகள்: அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம். சீட்டுக் குலுக்கி ஒருவர் குறிப்பை மற்றொருவர் எடுத்து, அது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என் குறிப்பு ஒரு வங்காள நண்பர் கையில் அகப்பட்டது. அவருக்கு ஒரு மாலைப்பொழுதே போதுமானதாயிற்று. இரவுப் புள்ளிகள் குவிந்த இடம் எங்கள் விடுதி என்று கண்டதும் 11 பேர் 8 பேரானார்கள். ஞாயிறு காலைப் புள்ளிகள் ஆர்.கே.புரம் மலை மந்திரில் விழுந்தன. தில்லியில் முருகன் சந்நிதிக்கு ஞாயிறு தவறாமல் போகிறவன் அந்த எட்டுப் பேரில் யார் என்று சொல்லவும் வேண்டுமோ! பந்தயத்தில் வென்ற நண்பர் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கி, "செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாயே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்குக்கூட நான் எழுதாத செய்தி அது. என்ன நோய் என்பதை இங்கும் எழுதப் போவதில்லை. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அந்த மூன்று பத்திகளில் அது எப்படி ஒளிந்திருந்தது, அதை மறைக்க வழியுண்டா என்பதையே ஆராய்வோம்.

அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் எழுதினால் 111 மீட்டர் வரை துல்லியம். ஐந்து எழுதினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். திறந்த வெளியில் செல்போனின் கணக்கு ஏறக்குறைய 5 மீட்டருக்குள் நிற்கும். ஆகவே, கடைசி இலக்கங்களை வெட்டிவிட்டால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அது போதாது என்பதை டி மோன்ஜாய் முதலியோர் 2013-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் காட்டினர். ஓர் ஐரோப்பிய நாட்டில் 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் குறிப்பை அவர்கள் ஆராய்ந்தனர். இடம் என்றால் வீட்டு வாசல் அல்ல. அருகிலுள்ள செல்போன் கோபுரம் எது என்பது மட்டுமே. நேரமும் மணிக்கணக்கில்தான். அப்படியும் ஏதேனும் நான்கு புள்ளிகள் தெரிந்தால் 100-க்கு 95 பேரைத் தனியே பிரித்துவிட முடிந்தது! இடத்தையும் நேரத்தையும் இன்னும் மங்கலாக்கிப் பார்த்தனர். பிரிந்து தெரியும் தன்மை மிக மெதுவாகவே குறைந்தது. காரணம் எளியது. காலை எட்டு மணிக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்குள் பல்லாயிரம் பேர் இருப்பர். அவர்களில் பகல் ஒரு மணிக்கு இன்ன இடத்தில், இரவு ஒன்பதுக்கு இன்ன இடத்தில் இருந்தவர் என்று சலித்துக்கொண்டே போனால் சல்லடையில் ஒருவரே மிஞ்சுவார்.

கூட்டத்தில் ஒளிவது மற்றொரு வழி. ஒருவர் குறிப்பு குறைந்தது இத்தனை பேர் குறிப்போடு பிரித்தறிய முடியாதபடி இருக்க வேண்டும் என்னும் விதியை லதான்யா ஸ்வீனி 2002-இல் விளக்கினார். அடுத்த ஆண்டே குருட்டெஸர், கிரன்வால்ட் இருவரும் அதை இடத்துக்குப் பொருத்தினர்: போதிய பேர் உள்ளே வரும்வரை சதுரத்தைப் பெரிதாக்கு, பிறகு சதுரத்தை மட்டும் சொல். அழகான யோசனைதான். ஆனால் சதுரத்திலுள்ள அத்தனை பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தால்? பெயர் தெரியாமலே செய்தி வெளிவந்துவிடும். சிறு கூட்டத்தாருக்கு இதில் தொல்லை அதிகம். உடற்பயிற்சிக்காரர்களின் ஓட்டப் பாதைகளை ஒன்றாய்க் கூட்டி ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் ஓர் உலகப் படம் வெளியிட்டது. நகரங்களில் அது வெறும் ஒளிவெள்ளம். பாலைவனத்திலோ, ஓடியவர்கள் படைவீரர்கள் மட்டுமே. முகாம்களின் வடிவம் பளிச்சென்று தெரிந்ததை 2018 ஜனவரியில் உலகமே கண்டது. தில்லியில் தமிழனாய் இருப்பதும் ஏறத்தாழ அப்படித்தான்.

மூன்றாவது வழி பொய் சொல்வது! பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் நான் அதைக் கையாண்டேன். ஒவ்வொரு புள்ளியையும் சுமார் 200 மீட்டர் ஏதோ ஒரு திசையில் தள்ளிவிட்டேன். நண்பர் அசரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. இரண்டு மணிக்கு 24. நான்கு செவ்வாய்க்கு 96. அத்தனையையும் கூட்டிச் சராசரி எடுத்தார். கிழக்கே தள்ளியது மேற்கே தள்ளியதோடு கழிந்துபோயிற்று. இப்படிப்பட்ட பிழை, புள்ளிகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்தின் அளவுக்குக் குறையும் என்பது நாம் படித்த கணக்குத்தானே? 96-க்கு வர்க்கமூலம் 9.8. ஆக, 200 மீட்டர் 20 மீட்டராய்ச் சுருங்கியது. மறுபடியும் ஆஸ்பத்திரி வாசல்.

பிரான்ஸில் பலமிடெஸி முதலிய நால்வர் 2013-இல் இதற்கு ஒரு கணித ஒழுங்கு தந்தனர். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு தூரத்துக்குள் ஆளைப் பிரித்தறிய முடியாது என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறார்கள். இடத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இரகசியத்தில் ஒரு பங்கு செலவாகிறது. கையிருப்பு தீர்ந்தால் வாய் திறக்கக் கூடாது. அருகில் நல்ல ஓட்டல் எது என்று கேட்பவருக்கு 200 மீட்டர் பொய் ஒரு பொருட்டல்ல. ஆம்புலன்ஸை அழைப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகையால் எல்லோருக்கும் பொருந்தும் அளவு என்று ஒன்றில்லை. தேவையில்லாத குறிப்பைச் சேர்க்காமலே இருப்பதுதான் உத்தமம் என்பது என் கட்சி. எங்கள் சோதனைச்சாலையில் பாதிப்பேர் இதை ஒப்ப மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவரை அடையாளம் காண இடந்தரும் எந்தத் தரவையும் தனிநபர் தரவு என்கிறது. பெயரை அழித்துவிட்டோம் என்ற சாக்கு அங்கே செல்லாது என்றே நான் பொருள் கொள்கிறேன்.

மூன்றாம் சுற்றில் செவ்வாய்ப் புள்ளிகள் அனைத்தையும் ஒரே திசையில், ஒரே அளவு, ஒரே முறை தள்ளினேன். சராசரி ஒரு கடைத்தெரு நடுவே போய் நின்றது. கணக்கில் நான் ஜெயித்தேன். ஆனால் நண்பருக்குத்தான் முன்பே தெரியுமே! இப்போதெல்லாம் செவ்வாய் மாலை நான் விடுதிக்குத் திரும்பும்போது டீ வாங்கிவைத்துக் காத்திருக்கிறார். ஒன்றும் கேட்பதில்லை.